ஒரே இழுப்பில் ஒரு வளைவு

ணங்ங்ங்... கிர்ர்ர்ர்ர்... டொக்.

கண்ணைத் திறக்காமலே சொல்லிவிடுவேன், அது பால் பாத்திரத்து மூடி. பகலில் தூங்குகிறவனுக்கு வீடு காது வழியாகத்தான் தெரியும்.

"என்னது விழுந்துச்சு?" என்று போர்வைக்குள்ளிருந்து கேட்டேன்.

"ஒண்ணுமில்ல. தூங்குங்க" என்றாள் என் மனைவி சமையலறையிலிருந்து.

கொஞ்ச நாளாகவே காலை வேளைகளில் அந்த மூடி அடிக்கடி விழுந்துகொண்டிருந்தது. பாவம், கையில் பிடி தளர்ந்துவிட்டது, வயசாகிறது என்று அவளுக்காக வருத்தப்பட்டுக்கொண்டே திரும்பிப் படுத்தேன். யாருக்காக யார் வருத்தப்பட்டிருக்க வேண்டும் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

எனக்குக் குளிர்பதனக் கிடங்கில் இரவுக் காவல். உள்ளே இருப்பது முழுக்க ஆப்பிள். அவை தூங்கும், நான் விழித்திருப்பேன். ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொள்வதுதான் என் உத்தியோகம். விடிந்ததும் திரும்பிப் பார்த்தால், சொன்னபடி, ஒன்றும் நடந்திருக்காது. இத்தனை வருஷம் இப்படி ஒன்றும் நடக்காமலே போய்விட்டதே என்று ஒரு நாள் மனசு கனத்தது. கையில் எடுத்து, இது நான் செய்தது என்று காட்ட ஒரு பொருளாவது வேண்டாமா? அப்படித்தான் தோல் வேலையில் இறங்கினேன். குரு கிடையாது. பழைய புத்தகம், செல்போன் வீடியோ, விரலில் ரத்தம். இவைதான் என் பள்ளிக்கூடம்.

நேர்க்கோடு எனக்கு அத்துப்படி. ஸ்கேல் வைத்துக் கத்தியை இழுத்தால் தோல் வெண்ணெய் மாதிரி பிரியும். தையலும் அப்படியே, எறும்பு வரிசை தோற்றுவிடும். கண்ணாடிக் கூடு செய்தேன், செல்போன் உறை செய்தேன், சாவிப் பை செய்தேன்.

"எல்லாமே செங்கல் மாதிரியே இருக்கு" என்றாள் மனைவி.

"அது ஒரு பாணி."

"வளைவே வராதா உங்களுக்கு?"

வராது. ஆனால் அதை ஒப்புக்கொள்கிற பாணி எனக்குக் கிடையாது. "வளைவுங்கிறது மனசிலேர்ந்து கைக்கு வரணும். தட்டு, டம்ளர்னு எதையாவது கவிழ்த்து வெச்சு வரையறது சின்னப் புள்ளைங்க வேலை. நான் அதெல்லாம் தொட மாட்டேன்" என்றேன்.

அவள் பெரிதாகத் தலையாட்டினாள். அவள் அப்படித் தலையாட்டுகிற நேரங்களில்தான் நான் ஜாக்கிரதையாக இருந்திருக்க வேண்டும்.

அந்த வாரத் தொடக்கத்தில் குண்டு விழுந்தது.

"ஏங்க, பின்அறை மேஜை எனக்கு வேணும்."

"எந்த மேஜை?"

"வீட்ல இருக்கறதே ஒரு மேஜைதான்."

"அது என் தொழிற்கூடம்!"

"அதுல பாதி நேரம் உங்க டீ கிளாஸ்தான் வேலை பாக்குது."

"எதுக்கு உனக்கு மேஜை?"

"இருக்கு ஒரு வேலை."

மேஜையை விடுவதா? இந்த வீட்டில் நான் முழுசாக விழித்திருக்கிற ஒரே இடம் அதுதான். உட்கார்ந்தால் ஆப்பிள் மறந்துபோகும். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பந்தயம் கட்டினேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு தோள்பை. நல்ல, வழவழப்பான வளைவு வைத்த பை. செய்து முடித்தால் மேஜை ஆயுசுக்கும் எனக்கு, பாத்திரம் தேய்ப்பதிலிருந்தும் எனக்கு விடுதலை. வீட்டில் பாத்திரம் தேய்ப்பது என் இலாகா என்பதை இதுவரை கௌரவம் கருதிச் சொல்லாமல் இருந்தேன்.

"முடியலேன்னா?" என்றாள்.

"மேஜை உனக்கு. பாத்திரம் எனக்கு."

"ஆயுசுக்கும்?"

"ஆயுசுக்கும்!"

அவள் சிரித்த வேகத்தைப் பார்த்து அப்போதே பின்வாங்கியிருக்கலாம்.

பையை மூடுகிற மேல்மடிப்பின் கீழ் ஓரத்தில் இரண்டு மூலை. இரண்டும் உருண்டு வர வேண்டும். அவ்வளவுதான் விஷயம். கண்ணை மூடி, மூச்சை இழுத்து, மனசிலிருந்து கைக்கு ஒரு வளைவை வரவழைத்தேன். வரும் வழியில் அதற்கு என்ன ஆயிற்றோ, இடது மூலை குன்று மாதிரியும் வலது மூலை நாய்க்காது மாதிரியும் வந்து சேர்ந்தன. குன்றுக்குப் பொருத்தமாக நாய்க்காதை வெட்டினேன். நாய்க்காதுக்குப் பொருத்தமாகக் குன்றை வெட்டினேன். கத்தி வளைவில் போகும்போதெல்லாம் குதிரை மாதிரி முரண்டு பிடித்து எங்கேயோ ஓடியது.

மனைவி வாசலில் நின்று பார்த்தாள். "பைதானே? பர்ஸ் இல்லையே?"

"பைதான்."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வந்தாள். "இப்போ பர்ஸா?"

சாயங்காலம் வந்து எட்டிப் பார்த்தவள் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு பொத்தானை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தாள். தோல் அந்த அளவுக்கு வந்திருந்தது.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு நல்ல துண்டு. அதன் முதுகிலும் என் டீ கிளாஸ் ஒரு பழுப்பு வட்டம் போட்டு வைத்திருந்தது. அதைச் சுருட்டிச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு, நடைப்பயிற்சி என்று சொல்லிவிட்டு, தெருமுனையில் பை பழுது பார்க்கிற ஊசி அண்ணனிடம் ஓடினேன். ஒல்லியாக இருப்பார், எப்போதும் வாயில் ஊசி. இரண்டுக்குமாகச் சேர்த்து அந்தப் பெயர்.

"அண்ணே, இந்த ரெண்டு மூலையையும் வளைவா வெட்டிக் குடுங்க. விஷயம் வெளிய போகக் கூடாது."

துண்டைப் புரட்டிப் பார்த்தார். "இந்த வட்டம் அருமையா இருக்கே. யாரு போட்டது?"

"டீ கிளாஸ்."

"அதையே வெட்டச் சொல்லியிருக்கலாமே சார்."

"விளையாடாதீங்கண்ணே. முடியுமா?"

"எனக்கு வளைவு வராது சார். நான் தைக்கிற ஆளு. வளைவுக்குன்னு ஒரு அம்மா இருக்காங்க. காலைல வந்து வாங்கிட்டுப் போய் வீட்லயே வெட்டித் தருவாங்க. கை அப்படி ஒரு கை!"

"உடனே வேணும்."

"நாளைக்குக் குடுத்துடுவாங்க. வீட்ல பகல்ல சத்தம் மட்டும் வரக் கூடாதாம், அதனால கொஞ்சம் மெதுவா வேலை செய்வாங்க."

"கைக்குழந்தை இருக்கும்" என்றேன் இரக்கத்தோடு.

"அப்படித்தான் சொன்னாங்க. பெரிய கைக்குழந்தையாம்."

முன்பின் தெரியாத அந்தத் தாய்க்காக மனசார வேண்டிக்கொண்டு வீடு திரும்பினேன்.

மறுநாள் காலை. ணங்ங்ங்... கிர்ர்ர்ர்ர்... டொக். மூடிதான். தொடர்ந்து 'புஸ்ஸ்ஸ்' என்று பால் பொங்கி அடுப்பில் வழிகிற சத்தம். அவள் ஓடுகிற சத்தம். "அடடா!" என்று ஒரு சத்தம். பாலைக்கூடப் பார்த்துக்கொள்ளத் தெரியாதவள் என்னோடு பந்தயம் கட்டுகிறாள் என்று போர்வைக்குள் சிரித்துக்கொண்டே தூங்கிப்போனேன். சமீபத்தில் அவ்வளவு நிம்மதியாகத் தூங்கியதே இல்லை.

சாயங்காலம் ஊசி அண்ணன் துண்டைக் கையில் கொடுத்ததும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். என்ன வளைவு! எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. இடதும் வலதும் இரட்டைப் பிள்ளைகள். விரலால் தடவத் தடவ, விரல் அதுவாகவே அடுத்த பக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மிச்சத்தை நான் தைத்தேன். அதில் பொய் இல்லை, அந்த எறும்பு வரிசை முழுக்க என்னுடையது.

ஞாயிறு காலை, மேஜை மேல் பையை நிறுத்தி வைத்துவிட்டு மனைவியைக் கூப்பிட்டேன்.

ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். பையைத் தூக்கிப் பார்த்தாள். மடிப்பைத் திறந்து மூடினாள். "அட! நிஜமாவே நல்லா இருக்குங்க" என்றாள். அந்தக் குரலில் கேலி இல்லை. எனக்குள் ஆப்பிள் கிடங்கு முழுக்க விளக்கு எரிந்தது.

"எப்படிங்க வெட்டினீங்க?"

"மனசிலேர்ந்து கைக்கு வந்துச்சு."

"எதையும் வெச்சு வரையலியா?"

"சேச்சே."

"விட்டு விட்டு வெட்டினீங்களா, ஒரே மூச்சா?"

"ஒரே இழுப்பு!" என்று காற்றில் கத்தியை இழுத்தே காட்டினேன். "நடுவுல நிறுத்தினா வளைவு செத்துடும்."

"ஓகோ" என்று வலது மூலையை வெளிச்சத்தில் பிடித்தாள். "இங்க சின்னதா ஒரு பிசிறு இருக்கு, பாருங்க."

பார்த்தேன். இருந்தது. கடுகளவு.

"அது பால் பொங்கினப்போ அடுப்பை அணைக்க எழுந்து ஓடினதுல வந்தது. நீங்க எந்தப் பாலுக்கு ஓடினீங்க?"

காற்றில் இழுத்துக் காட்டிய கத்தியை மேஜை மேல் வைத்தேன்.

"நீயா?" என்றேன்.

"நான்தான்."

"பெரிய கைக்குழந்தை..."

"நீங்கதான்."

"என் தோல்னு தெரிஞ்சேவா வெட்டினே?"

"உங்க டீ கிளாஸ் வட்டத்தை எனக்குத் தெரியாதா? தினம் மேஜைலேர்ந்து துடைக்கிறவ நான்."

"மொதல்லயே சொல்லிக் குடுத்திருக்கலாமே!"

"தட்டு டம்ளர் வைக்கிறது சின்னப் புள்ளைங்க வேலைன்னு சொன்னது யாரு? சொன்னா கேட்டிருப்பீங்களா?"

கேட்டிருக்க மாட்டேன். அதுவும் அவளுக்குத் தெரியும்.

பதிலுக்குக் காத்திராமல் சமையலறைக்குப் போய்ப் பால் பாத்திரத்து மூடியோடு வந்தாள். ஒரு தாளை எடுத்துச் சரிபாதியாக மடித்தாள். "ஒரு பக்கம் மட்டும் வரைஞ்சா போதும். மடிச்சு வெட்டிப் பிரிச்சா ரெண்டு பக்கமும் ஒண்ணா வரும். குழந்தைச் சட்டைக்குக் கழுத்து வெட்டினவளுக்கு இது தெரியாதா?" மடித்த தாளின் மூலையில் மூடியை வைத்து, விளிம்பைச் சுற்றிக் கோடு போட்டாள். வெட்டிப் பிரித்தாள். இரட்டைப் பிள்ளைகள்! அதை என் கழிவுத் துண்டு ஒன்றின் மேல் வைத்து, குத்தூசியால் ஓரம் கீறிவிட்டுக் கத்தியை என்னிடம் நீட்டினாள்.

இழுத்தேன். குதிரை முரண்டு பிடித்தது.

"கத்தியைத் திருப்பாதீங்க. தோலைத் திருப்புங்க."

"ஆங்?"

"கத்தி சும்மா ஒரே இடத்துல நிக்கட்டும். இடது கையால தோலைச் சுத்திக் குடுங்க. மொதல்ல மேலோட்டமா ஒரு கீறல். அப்புறம் அதே வழியில ஆழமா. ஒரே இழுப்பாம், ஒரே இழுப்பு!"

திருப்பினேன். கத்தி நின்றது. தோல் சுற்றியது. மேலோட்டமாக ஒரு தடவை, ஆழமாக இன்னொரு தடவை. துண்டு கையோடு கழன்று வந்தபோது ஓரம் நிலாப் பிறை மாதிரி இருந்தது. "வந்துடுச்சு! வந்துடுச்சுடி!" என்று கத்திக்கொண்டு நான் எழுந்து குதித்ததில் டீ கிளாஸ் கவிழ்ந்தது. அவளும் சிரித்தாள். இருவரும் ஒரே துணியால் மேஜையைத் துடைத்தோம்.

துடைத்து முடித்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் உட்கார்ந்தாள். ஊசி அண்ணன் கொடுத்த தோல் துண்டுகளை மேஜையில் பரப்பினாள். என் பையைத் தோளில் மாட்டி, கண்ணாடியில் ஒரு தடவை பார்த்து, மாட்டினபடியே வேலையை ஆரம்பித்தாள்.

"அது... பை?"

"வளைவு என்னுது, பை என்னுது."

"மேஜை?"

"ஆயுசுக்கும்னு சொன்னீங்க."

"நான் எங்க உக்காந்து செய்யறது?"

"எதிர்ல ஒரு நாற்காலி போட்டுக்கங்க. நான் வெட்டறேன், நீங்க தைங்க. தையல் நல்லாத்தான் இருக்கு உங்களுது." கொஞ்சம் நிறுத்தினாள். "தொட்டியைப் பாத்துட்டு வந்து உக்காருங்க."

தொட்டி நிறையப் பாத்திரம். குழாயைத் திறந்தேன். முதலில் கையில் அகப்பட்டது பால் பாத்திரத்து மூடிதான். விளிம்பு முழுக்கக் குத்தூசிக் கீறல். இத்தனை நாள் இதே கையால் தேய்த்திருக்கிறேன், ஒரு நாளும் கண்ணில் படவில்லை. நாரை அழுத்தித் தேய்க்க ஆரம்பித்தேன்.

பின்அறையிலிருந்து குரல் வந்தது.

"மூடியைப் பாத்துத் தேய்ங்க. மனசிலேர்ந்து வர்ற வளைவு கெட்டுடப் போகுது."