கேக் மேல் கோந்த்வா விலாசம்

ஒப்புக்கொள்கிறேன்: இருபத்தாறு வயதில் கடவுளைவிட என் கம்பெனி சாஃப்ட்வேரைத்தான் நான் அதிகம் நம்பினேன்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். புனே விமான் நகரில் சின்ன கம்பெனி. நாங்கள் விற்றிருந்த ஆர்டர் சாஃப்ட்வேரின் புதுப் பதிப்பைப் பழைய வாடிக்கையாளர்கள் தலையில் கட்டுவது என் வேலை. மசியாதவர் ஒருவர்தான்: ஒரு பேக்கரியின் மேனேஜர் வசந்தா மேடம். புனே பக்கத்துத் தேஹு ரோட்டில் வளர்ந்த தமிழ்க்காரர்.

"எட்டு வருஷமா இதோட குடித்தனம் பண்றேன் தம்பி. இதோட கோணல் எல்லாம் எனக்குத் தெரியும். புதுசோட கோணலை எப்போ கத்துக்கறது? சோடோ நா, விட்டுடு!"

நான் விடவில்லை. பதினோரு தடவை போனேன். (வாட்ச்மேன் என்னைப் பார்த்தாலே திரும்பிக்கொள்வார்.) பன்னிரண்டாவது தடவை சம்மதித்தார்.

"ஆனா ஒரு விஷயம் சொல்லணும்…"

"எல்லாம் ஆட்டோமேட்டிக் மேடம்!" என்றேன்.

ஞாயிறு காலை புதுப் பதிப்பு அச்சடித்த சீட்டுகள் சமையலறைக்குப் போயின. முதல் கேக் வெளியே வந்தது. ரோஜா நிறக் க்ரீமில், முத்து முத்தாக: 'கோந்த்வா, தண்ணி டேங்க் பின்னாடி.'

அடுத்ததில் ஒரு டாக்டர் வீட்டு மாடிப்படி வழி.

"அதைத்தானே சொல்ல வந்தேன்!" என்றார் மேடம். பழைய சாஃப்ட்வேரில் வாழ்த்துக்கு இருந்த இடம் போதாதாம். அதனால் எட்டு வருடமாக வாழ்த்தை விலாசக் கட்டத்திலும், விலாசத்தைச் சுருக்கி வாழ்த்துக் கட்டத்திலும் அடித்திருக்கிறார். பழைய சீட்டில் இரண்டும் சேர்ந்தே வரும், ஆட்கள் பார்த்து மாற்றிக்கொள்வார்கள்; புதுசோ வாழ்த்துக் கட்டத்தை மட்டும் சமையலறைக்கும் விலாசக் கட்டத்தை மட்டும் டெலிவரிக்கும் பிரித்து அனுப்பிவிட்டது. அலங்கார மாஸ்டரிடம் பாய்ந்தேன். "சீட்டுல இருந்ததைத்தானே எழுதினேன் சாப்?"

டெலிவரிக்காரர் போன் செய்தார்: "மேடம், 'எண்பதிலும் இளமையாய் வாழ்க' எந்த ஏரியா?"

ஓடிவிடலாம் என்று தோன்றியது. ஓடவில்லை. பழைய பதிப்பை நானே திரும்ப ஏற்றினேன். சீட்டுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். கோந்த்வாவுக்குப் புதுக் கேக்கோடு ஆட்டோவில் நானே போனேன். மறுநாள் முதல் ஒரு வாரம் மேடத்தின் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய கோணல்களை நோட்டில் எழுதினேன். இருபத்து மூன்று! அத்தனைக்கும் வழி செய்த பிறகுதான் மறுபடி கேட்டேன்.

"இப்போ போடு," என்றார்.

பிறகு என் கல்யாணத்துக்கு வந்த மேடம், எல்லாவற்றையும் என் மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து என் பிறந்தநாள் கேக்கில் என் பெயர் இருந்ததே இல்லை. ஃப்ளாட் நம்பர், தெரு, பின்கோடு. லிஃப்ட் வேலை செய்யாத வருடம் அதையும் எழுதியிருந்தாள்.