மவுஸுக்குக் கைகொடுத்தவர்

கம்ப்யூட்டரிடம் செஸ்ஸில் தோற்றுவிட்டு, எழுந்து நின்று அதற்குக் கைகொடுத்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் தில்லை நகர் ஆபீஸில் இருந்தார். எங்களுக்கு அவர் ‘கைகுலுக்கி’. நிஜப்பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டுமே தெரியும்.

ஆட்டம் முடிந்தால் கைகுலுக்குவதுதானே முறை? தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பின் தோற்பார். மவுஸைப் பிடித்துக் குலுக்குவார். “பிரமாதமா ஆடினீங்க சார்!”

கம்ப்யூட்டர் உலக சாம்பியனையே தோற்கடித்தபோது நாங்கள் மனித குலத்துக்காகத் துக்கம் அனுஷ்டித்தோம். அவர் கேசரி வாங்கி வந்தார். “கம்ப்யூட்டர் சாரும் எத்தனை வருஷமா மனுஷங்ககிட்ட தோத்துக்கிட்டு இருந்தாரு, பாவம்!”

ஒருநாள் அதிசயமாக அவர் ஜெயிக்கும் நேரத்தில் கரண்ட் போனது. “ஜெயிச்சதா வெச்சுக்குங்க சார்” என்றேன்.

“மயக்கம் போட்டவரை ஜெயிக்கிறதாங்க?” என்றார். கரண்ட் வந்ததும் முதலிலிருந்து ஆடி, முறைப்படி தோற்றார்.

பல வருஷம் கழித்து ஆபீஸில் செஸ் போட்டி வைத்தார்கள். அரையிறுதியில் என் எதிராளிக்கு அம்மை போட்டதால் நான் இறுதியாட்டத்துக்கு முன்னேறினேன். எதிரே கைகுலுக்கி. கல்லூரியில் நான்தான் சாம்பியன் என்று பெண் பார்க்கப் போன அன்றே அளந்துவிட்டிருந்தேன். அதை நம்பி, மனைவி ஸ்ரீரங்கத்திலிருந்து நேரில் பார்க்க வந்துவிட்டாள்.

நல்லவேளையாக, அதற்குள் உலக சாம்பியனை அடிக்கும் மூளை செல்போனுக்குள்ளேயே வந்திருந்தது. “வயிறு சரியில்ல சார்” என்று மூன்று முறை டாய்லெட்டுக்கு ஓடினேன். கதவைச் சாத்திக்கொண்டு, அடுத்து எந்தக் காயை நகர்த்துவது என்று போனிடம் கேட்டேன். திரும்பி வந்து மேதை மாதிரி குதிரையை நகர்த்தினேன். மூன்றாவது முறை வந்தபோது, என் பக்கத்தில் ஒரு டம்ளர் ஓமத்தண்ணீர் இருந்தது.

“குடிங்க சார்” என்றார் கைகுலுக்கி.

ஜெயித்தேன். எழுந்து எனக்குக் கைகொடுத்தார். பிறகு, என் சட்டைப்பையில் தலைநீட்டிக்கொண்டிருந்த போனை இரண்டு விரலால் பிடித்து மெல்லக் குலுக்கினார். “பிரமாதமா ஆடினீங்க சார்!”

ஓமத்தண்ணீரை எடுத்து ஒரே மடக்கில் குடித்தேன்.

“போனுக்கு ஏங்க கைகொடுக்கிறாரு?” என்றாள் மனைவி.

அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், வீட்டில் என் கதை முடிந்தது.

“பழக்கதோஷம்மா. மெஷினைப் பார்த்தா கை தானா நீளுது” என்றார். ஆபீஸே சிரித்தது.

கிளம்பும்போது என்னிடம் மட்டும் சொன்னார்: “உங்ககூட நான் இன்னும் ஆடவே இல்லையே சார். ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க.”

அவர் ரிட்டையர் ஆகியும் ஞாயிறு தவறாமல் திருவானைக்காவல் போகிறேன், போனை வீட்டிலேயே வைத்துவிட்டு. தவறாமல் தோற்கிறேன். (மனைவி பத்திரிகையில் வரும் என் பத்தியைப் படிப்பதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.)

“வயிறு எப்படிங்க இருக்கு?” என்று கேட்டபடி கையை நீட்டுகிறார்.

அந்தக் கையின் சூடு, பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் வந்து இறங்கும்வரை என் கையில் இருக்கிறது.