வாலோடு வந்த பூட்டன்

மதிப்பிற்குரிய சேவுகன் மாமா அவர்களுக்கு, தங்கள் அக்காள் மகள் செவந்தி வணங்கி எழுதுவது.

மாமா, இந்தக் கடிதத்தைத் தயவுசெய்து யாருக்கும் காட்டாதீர்கள். அத்தைக்குக் கண்டிப்பாகக் காட்டாதீர்கள். அத்தை கடிதம் படித்தால் பொன்னமராவதிச் சந்தைக்கே கேட்கும். இங்கு யாவரும் நலம் என்றுதான் தொடங்க வேண்டும் என்று தமிழ் டீச்சர் சொல்லியிருக்கிறார்கள். இங்கு கறவை மாடு நலம். மற்றவர்கள் ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டே ஒரே பானைச் சோற்றைச் சாப்பிட்டு வருகிறோம். நெல் கொட்டி வைக்கும் குதிர் அறைக்குள் சிம்னி விளக்கை முறத்தால் மறைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்துக் கோணலாக இருந்தால் மன்னிக்கவும்.

திங்கட்கிழமை முதல் நான் பள்ளிக்கூடம் போகக்கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். பரீட்சைக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. இத்தனைக்கும் நான் எந்தத் தப்பும் செய்யவில்லை. காரணம் எங்கள் பூட்டனார் நாகராசு. அவர் இறந்துபோய் எத்தனையோ வருஷம் ஆகிறது. இருந்தாலும் காரணம் அவர்தான்.

தங்களுக்குத் தெரியும், அய்யனார் கோயில் முதல் மரியாதை மூத்த வீட்டுக்குத்தான். பூட்டனாருக்கு இரண்டு மகன்கள். அவர்களில் மூத்தவர் எங்கள் தாத்தாவா, அய்யாக்கண்ணு பெரியப்பாவின் அப்பாவா என்று எங்கள் அப்பாவும் பெரியப்பாவும் நான் பிறப்பதற்கு முன்பிருந்தே சண்டை போடுகிறார்கள். இந்த நேரத்தில் தோல்பாவைக் கூத்து ஆடும் இருளாண்டி தன் கூட்டத்தோடு கீரமங்கலத்திலிருந்து எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தார். வேட்டியைத் திரையாகக் கட்டி, பின்னால் விளக்கை வைத்து, தோல் பொம்மைகளை ஆட்டுவார்கள். கடைசி நாள் ஆட்டத்துக்கு எந்த வீடு அரிசியும் எண்ணெயும் கொடுக்கிறதோ அந்த வீட்டு முன்னோர் பெருமையை முதலில் ஆடிக் காட்டுவது வழக்கம். அப்பா முந்திக்கொண்டு அரிசி கொடுத்துவிட்டார். பூட்டனார் மகாராஜாவின் குதிரைப் படையில் இருந்தது, நார்த்தாமலைக் காட்டில் ஒரே குத்தில் புலியைக் கொன்றது, மூத்த மகன் என்று எங்கள் தாத்தாவுக்கு வாளைக் கொடுத்தது, இவ்வளவையும் அப்பா சொல்லச் சொல்ல நான் மனப்பாடம் செய்து, இருளாண்டியிடம் ஒப்பித்துவிட்டு வந்தேன். நான் செய்தது அவ்வளவுதான் மாமா. ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

ஆட்டத்தன்று ஊரே கூடியிருந்தது. பெரியப்பா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மத்தளம் அடித்ததும் திரையில் பூட்டனார் வந்தார். வாலோடு வந்தார். சாமிக் கதையில் வரும் குரங்குப் பாவை மாமா. பெட்டியில் இருப்பதெல்லாம் சாமிக் கதைப் பாவைகள்தானாம், ராஜா பாவையை ஆலங்குடியில் எலி கடித்துவிட்டதாம், குதிரை கிடையவே கிடையாதாம். புலியும் இல்லாததால் மான் வந்தது. மானைக் கண்டதும் பூட்டனார் நடுங்கினார். அதோடு விட்டிருந்தால்கூடப் போகிறது, மான் முட்ட வந்ததும் அவர் ஒரு மரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார். இரண்டு கோமாளிப் பாவைகள் கீழே நின்று பேசின.

"மேல குந்தியிருக்கிறது யார்டா?"

"குதிரைப் படை வீரரு."

"குதிரை எங்கடா?"

"அது இவருக்கு முன்னாலயே ஓடிப்போச்சு."

ஊரே உருண்டு சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன், அது தப்புதான். அப்பா திரைக்குப் பின்னால் ஓடி, அந்த வாலையாவது வெட்டி எறி என்றார். "வால வெட்டிட்டா நாளைக்கு அடுத்த ஊருல எவன்யா கடலத் தாண்டுவான்?" என்று இருளாண்டி கேட்டார்.

மறுநாள் பெரியப்பா வீட்டுக்கு வந்தார். பாட்டனைக் குரங்காக்கிவிட்டாயே என்று அடிக்கப்போகிறார் என்று அம்மா உலக்கையை எடுத்து ஒளித்து வைத்தாள். அவர் நிதானமாகத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "தம்பி உடையப்பா, நல்லா யோசிச்சுட்டேன். மூத்த வீடு ஒன் வீடுதான். அவரு ஒங்களுக்குத்தான் பாட்டன். மரியாதைய நீயே வாங்கிக்க," என்றார். அப்பா பதறிப்போய், "இல்லண்ணே, அவரு கடைசிவரைக்கும் ஒங்க வீட்டுலதான் சாப்பிட்டாரு, நீங்கதான் மூத்த வீடு," என்றார். வருஷக்கணக்காகத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டிருந்த பாட்டனை இரண்டு பேரும் இப்போது அடுத்தவர் வீட்டுக்குத் தள்ளினார்கள். கடைசியில் பெரியப்பாதான் கேட்டார். குரங்கு போகட்டும், பாவை இல்லாத குறை. மரம் எப்படி வந்தது என்றார்.

அதுதான் மாமா எல்லாவற்றுக்கும் மூலம். புலி வந்தபோது பூட்டனார் குத்தவில்லை, எங்கள் கொல்லைப் பலாமரத்தில் ஏறி விடிய விடிய உட்கார்ந்திருந்தார் என்பது இந்த இரண்டு வீட்டைத் தவிர யாருக்கும் தெரியாது. இருளாண்டியிடம் போய் வந்தது நான்தான் என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "பள்ளிக்கூடம் போயித்தான் வாய் நீண்டுபோச்சு, இனிமே போக வேணாம்," என்று அப்பா அங்கேயே தீர்ப்புச் சொன்னார்.

நான் நன்றாக யோசித்தேன். அம்மாவைச் சந்தேகித்தேன், ஆனால் அம்மா திரைப்பக்கம் போகவில்லை. தங்களைச் சந்தேகப்படுவதாக நினைக்க வேண்டாம் மாமா, ஆனால் தங்களைத்தான் சந்தேகப்படுகிறேன். இந்தக் கூட்டம் போன மாதம் தங்கள் ஊர் பொன்னமராவதியில் ஆடியிருக்கிறது. பொங்கலுக்கு வந்தபோது தாங்கள் அப்பாவிடம், "அந்தப் பலாமரம் இன்னும் காய்க்குதா மச்சான்?" என்று கேட்டீர்கள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். தங்களுக்கு எப்படித் தெரியும்? ஆகையால் ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வந்து, நான்தான் சொன்னேன் என்று சொல்லிவிடுங்கள். தாங்கள் சொல்லாவிட்டாலும் சொன்னதாகச் சொல்லுங்கள். தங்களை அப்பா திட்டுவார், அவ்வளவுதான். தாங்கள் பள்ளிக்கூடம் போக வேண்டியதில்லையே.

அத்தைக்குக் கடிதத்தைக் காட்டாமல் என் வணக்கத்தை மட்டும் சொல்லவும். குழந்தை சந்தனத்துக்கு என் முத்தம்.

கீழ்ப்படிதலுள்ள,
செவந்தி

பின்குறிப்பு: மாமா, தாங்கள் வர வேண்டாம். மேலே எழுதியதை மன்னித்து மறந்துவிடவும். அப்பாவும் அம்மாவும் அடுத்த அறையில் பேசுவது இப்போது கேட்டது. "எல்லாரையும் கேட்டீங்க. ஒங்கள ஒருத்தரும் கேக்கல. நான் கேக்குறேன்," என்றாள் அம்மா. பிறகு அப்பா, "அரிசி குடுத்தன்னிக்கு இருளாண்டிக்குப் பலாப்பழம் குடுக்கக் கொல்லைக்குக் கூட்டிட்டுப் போனேன். மரம் நல்லாருக்கேன்னான். எங்க பாட்டன் உசுரக் காப்பாத்துன மரமுன்னு வாயில வந்துருச்சுடி," என்றார். அப்படியானால் பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்புங்கள் என்றாள் அம்மா. அனுப்பினால் அவள் சொல்லவில்லை என்று ஆகிவிடும், பிறகு யார் சொன்னது என்று அண்ணன் கேட்பாரே என்கிறார் அப்பா. இதைக் கேட்டதும் நெல் தூசியில் எனக்குத் தும்மல் வந்துவிட்டது. பேச்சு நின்றுபோயிற்று. யாரோ நடந்து வருகிறார்கள்.

கதவைத் தட்டுகிறார்கள். அப்பாதான். குரலைத் தாழ்த்திப் பேசுகிறார். "ஆத்தா செவந்தி, முழிச்சிருக்கியா? திங்கக்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போறியா? பெரியப்பா கேட்டா மட்டும், பொன்னமராவதி மாமாதான் சொன்னாருன்னு சொல்லிரு."

மாமா, தாங்கள் ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் கொஞ்சம்