நல்ல கையைக் குடுங்க சார்

இத்தனை வயதுக்கு நான் ஒரே ஒரு ஆம்பளையைத்தான் கை நீட்டி அடித்திருக்கிறேன். என் வீட்டுக்காரரைக்கூட அடித்ததில்லை. (அவருக்கு என் பார்வையே போதுமாக இருந்தது.) அடி வாங்கியவர் மாவட்டத்திலிருந்து வந்திருந்த சாரணர் அதிகாரி. அடித்தது கோவில்பட்டியில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில், மைக்குக்கு முன்னால், நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது. அவர் செய்த குற்றம், ஆறு வயதுப் பிள்ளைக்குக் கை கொடுக்க வந்தது.

நாலு வருடம் ஓடிவிட்டது. இனிமேல் சொல்லலாம்.

என் வீட்டு மாடியில் செல்வியும் முத்துராஜும் குடியிருக்கிறார்கள். முத்துராஜுக்கு லாரி ஓட்டுகிற வேலை. வீட்டில் சாப்பிடுகிற நாளைவிட வழியில் சாப்பிடுகிற நாள்தான் அதிகம். செல்வி புதியம்புத்தூரில் ரெடிமேட் துணி தைக்கிற கம்பெனியில் இருக்கிறாள். விடிந்ததும் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போனால், விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் கொண்டுவந்து இறக்கும். அவர்கள் மகள் யாழினி, பள்ளிக்கூடம் விட்டதும் நேரே கீழே என்னிடம் வந்துவிடுவாள். வாடகைக்கு வந்தவர்கள்தான். ஆனால் அந்தப் பிள்ளைக்கு அம்மை கண்டபோது வேப்பிலை சொருகியது என் வீட்டு வாசலில்தான்.

அந்த வருடம் யாழினியின் பள்ளிக்கூடத்தில் மீனா டீச்சர் சின்னப் பிள்ளைகளுக்கென்று ஒரு சாரணர் குழு ஆரம்பித்தாள். குருளையர் என்று பெயர். சனிக்கிழமை காலையில் விளையாட்டு, பாட்டு, கயிற்றில் முடிச்சுப் போடுவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது. ஒரே ஒரு நிபந்தனை: வீட்டு ஆள் ஒருவர் கூடவே இருக்க வேண்டும்.

"பிள்ள ஆசப்படுதா பெரியம்மா. எனக்குச் சனிக்கிழம லீவு தரமாட்டாவளே" என்று செல்வி மாடிப்படியில் நின்று இழுத்தாள்.

"ஏன், நான் ஆளாத் தெரியலையா ஒனக்கு?" என்றேன்.

சேர்க்கப் போன அன்று மீனா டீச்சர் விண்ணப்பப் பாரத்தை வைத்துக்கொண்டு, "நீங்க பிள்ளைக்கு என்ன வேணும் ஆச்சி?" என்று கேட்டாள்.

"எல்லாம் வேணும். எழுதிக்கோ."

அவள் சிரித்துக்கொண்டே 'காப்பாளர்' என்று எழுதினாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பிறகு ஒரு தாளை எடுத்து நீட்டினாள். முன்னும் பின்னும் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. "இதுல எல்லாமே போட்டிருக்கு. படிச்சிட்டு அடியில கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

இங்கே ஒன்றை ஒப்புக்கொண்டு விடுகிறேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். முப்பது வருடம் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தேன், கடைசிப் பதினோரு வருடம் மேஸ்திரியாக. நாற்பது பெண்கள் என் கைக்குக் கீழே. பெட்டியில் நாலு குச்சி குறைந்தால் குலுக்கிப் பார்க்காமலே சொல்வேன். எழுத்து அப்படி இல்லை. பஸ் போர்டு வாசிப்பேன், கடைப் பெயர் வாசிப்பேன். பொடி எழுத்து என்றால் இரண்டாவது வரிக்குப் போவதற்குள் முதல் வரி மறந்துவிடும். (இதைக்கூட நான் சொல்லச் சொல்ல யாழினிதான் எழுதுகிறாள். இந்த இடத்தில் அவள் சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருக்கிறேன்.)

டீச்சரிடமே கேட்டிருக்கலாம். நாற்பது பேரை மேய்த்தவள், என் பேத்தி வயதுப் பெண்ணிடம் போய் இதில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்பதா? படித்தவர்கள் ஒரு தாளைப் படிக்க எவ்வளவு நேரம் எடுப்பார்களோ அவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திருப்பினேன். ரெண்டு தடவை தலையாட்டினேன். பிறகு 'சண்முகத்தாய்' என்று கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து பார்க்க அருமையாக இருக்கும்.

"படிச்சிட்டீங்களா ஆச்சி?"

"படிக்காம கையெழுத்துப் போடுவனா?"

வம்பு அங்கே ஆரம்பித்தது. மீதிப் பாதி வம்பு யாழினியின் கையில் இருந்தது. அவளுக்கு எல்லாமே இடது கை. எழுதுவது, பந்து எறிவது, மூக்கு நோண்டுவது எல்லாம். எனக்கு அது ஆகவே ஆகாது. ஆபீசில் எவளாவது தட்டை இடது கையால் நீட்டினால் நான் வாங்கவே மாட்டேன். போய் மறுபடியும் வா என்று திருப்பி அனுப்புவேன். அதனால் யாழினியின் கையை மாற்றுவதை என் மிச்ச வாழ்நாளின் வேலையாக எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, பிள்ளைகளுக்கு உறுதிமொழி எடுத்து ஸ்கார்ஃப் போடுகிற நாள் என்று குறித்தார்கள். அதற்கு முந்தின திங்கட்கிழமை பார்க்கிறேன், யாழினி ஃபிரிட்ஜுக்கு முன்னால் விறைப்பாக நின்று அதற்கு இடது கையை நீட்டிக்கொண்டிருக்கிறாள்.

"ஏட்டி, என்ன செய்யுத?"

"கை குடுத்துப் பழகுதேன் ஆச்சி. சனிக்கிழம பெரிய சார் வந்து கை குடுப்பாவ."

"பெரிய மனுசருக்கு எடது கையையா நீட்டுவ?"

"எடது கைதான் குடுக்கணும்னு டீச்சர் சொன்னாவ."

"ஆமா, கால நீட்டச் சொன்னாவன்னுகூடச் சொல்லுவ நீ. ஒன் கை வளையலன்னா டீச்சர் மேல பழியப் போடுதியா?"

"நெசமா ஆச்சி. அந்தப் பேப்பர்லயே இருக்காம்."

"பேப்பர நான் படிச்சிட்டேன். அப்பிடி ஒண்ணும் போடல."

ஆச்சி படித்துவிட்டாள் என்றால் அதற்கு மேல் அப்பீல் ஏது?

அடுத்த நாலு நாளும் எங்கள் வீட்டில் பயிற்சி நடந்தது. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நானே பெரிய சாராக நிற்பேன். வலது கை வந்தால் ஒரு கடலை மிட்டாய். இடது கை வந்தால் ஒரு முறைப்பு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வலது கை தானாக வந்தது. என் திறமையை நினைத்து எனக்கே பெருமை தாங்கவில்லை.

செல்விக்கு லீவு கிடைக்கவில்லை. தீபாவளி ஆர்டர். "போட்டோ எடுக்கச் சொல்லுங்க பெரியம்மா. ஸ்கார்ஃப் போட்டது தெரியுத மாதிரி" என்று வேனில் ஏறிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாள். அந்த ஸ்கார்ஃபுக்காகப் பிள்ளை நாள் எண்ணிக்கொண்டிருந்தது எங்கள் ரெண்டு பேருக்கும் தெரியும்.

முந்தின நாள் நல்ல மழை. மைதானம் முழுக்கக் கரிசல் சகதி. ரெண்டு எட்டு வைத்தால் செருப்பில் அரைக்கிலோ மண் ஏறிக்கொள்ளும். மாவட்டத்துப் பெரிய சார் ஜீப்பிலிருந்து இறங்கி டீச்சருக்குக் கை கொடுத்தாராம். நான் அதைப் பார்க்கவில்லை. பட்டுச்சேலையை ஒரு கையில் தூக்கிப் பிடித்தபடி, குச்சியால் செருப்பை வழித்துக்கொண்டிருந்தேன். வழக்கமான சனிக்கிழமைகளிலும் யாரும் யாருக்கும் கை கொடுத்து நான் பார்த்ததில்லை. உறுதிமொழி எடுத்த பிறகுதான் அந்தக் கை குலுக்கலே உண்டாம். எல்லாம் அந்தத் தாளில் இருந்ததாம்.

குழுவில் ஆறு பிள்ளைகள். குட்டையான பிள்ளை முதலில். யாழினிதான் குட்டை. பக்கத்தில் வீட்டு ஆள் ஸ்கார்ஃபைத் தட்டில் வைத்து ஏந்திக்கொண்டு நிற்க வேண்டும். நான் என் பித்தளைத் தட்டையே தேய்த்துக் கொண்டுபோயிருந்தேன். பிள்ளை உறுதிமொழியைத் திக்காமல் சொல்லி முடித்தாள். பெரிய சார் நல்ல உயரம். காக்கி உடுப்பு, நெஞ்சு நிறைய பேட்ஜ். சிரித்துக்கொண்டே குனிந்தார். இடது கையை நீட்டினார்.

எனக்குக் கண் இருட்டியது. இவ்வளவு படித்தவர், இத்தனை பேர் முன்னால், நம் பிள்ளைக்கு இடது கையா? லாரிக்காரன் மகள் என்பதாலா? அவள் அம்மா வரவில்லை என்பதாலா? யாழினியைப் பார்த்தேன். வலது கை பாதி வந்தது, திரும்பிப் போனது, இடது கை வந்தது, என்னைப் பார்த்தது, அதுவும் திரும்பிப் போனது. அதற்குள் என் கை போய்விட்டது. சாரின் மணிக்கட்டில் பளாரென்று ஒன்று.

தட்டு மைக் கம்பியில் பட்டு 'ணங்' என்று விழுந்தது. ஸ்கார்ஃப் சகதியில் விழுந்தது.

"சார்! நல்ல கையக் குடுங்க! இது எங்க வீட்டுப் பிள்ள. எளக்காரமா நெனச்சிட்டீயளா?"

மைக் அதன் வேலையைச் செய்தது. வெளியே டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்களெல்லாம் எழுந்து நின்றுவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். வரிசையில் நின்ற மீதி ஐந்து பிள்ளைகளும் இடது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டன. கடைசி நாற்காலியிலிருந்து ஒரு பெரியவர், "ஆச்சி சரியாத்தான் கேக்காவ!" என்றார். (அன்றைக்கு எனக்கு இருந்த ஒரே ஆதரவு. அவரும் தாளைப் படிக்கவில்லை.)

மீனா டீச்சர் ஓடிவந்தாள். "ஆச்சி, ஆச்சி! சாரணருக எடது கையத்தான் குடுப்பாவ. ஒலகம் பூரா அப்பிடித்தான். அது நெஞ்சுப் பக்கத்துக் கைன்னு ஒரு மரியாத. பேப்பர்ல தெளிவாப் போட்டிருந்தனே. படிச்சிட்டேன்னு சொன்னீங்களே?"

அதுவும் மைக்கில் போனது.

"நான் சொன்னேம்லா!" என்று யாழினி வீறிட்டாள். "பேப்பர்ல இல்லன்னு சொன்னீங்களே ஆச்சி!" தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஓடிப்போய் உட்கார்ந்துகொண்டாள்.

பெரிய சார் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தார். கழுகுமலையில் இன்னொரு பள்ளிக்கூடம் அவருக்காகக் காத்திருந்தது. மற்ற ஐந்து பிள்ளைகளையும் முதலில் முடித்துக்கொள்ளலாம் என்றார். டீச்சர் என் காதருகே, "பிள்ளைய எப்பிடியாவது கூட்டிட்டு வாங்க ஆச்சி. இன்னைக்கு விட்டா இனி அடுத்த வருசந்தான்" என்றாள்.

சகதி ஸ்கார்ஃபை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போனேன். பிள்ளை முழங்காலில் முகத்தைப் புதைத்து அழுதுகொண்டிருந்தாள். மைதானத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் கை தட்டுகிற சத்தம் கேட்டது. ஒன்று. பிறகு இரண்டு.

"யாழினி, அந்தப் பேப்பர நான் படிக்கல."

அழுகை நின்றது. "ஒரு பக்கமுமா?"

"ஒரு வரிகூட."

"பெறவு ஏன் படிச்சேன்னு சொன்னீங்க?"

"வெக்கமா இருந்துச்சுட்டி."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் ஆபீசில் நாற்பது பேர் மேல் வீசியிருக்கிறேன். எனக்கு யாரும் வீசியதில்லை. நான் குழாயைத் திறந்து ஸ்கார்ஃபைக் கசக்கினேன். கரிசல் மண் லேசில் விடுமா? மூன்றாவது கை தட்டல் கேட்டது. பிழிந்தேன். நாலாவது.

"நான் வாரேன். ஆனா நீங்க மொதல்ல பெரிய சாருக்குக் கை குடுக்கணும்" என்றாள். "எடது கை."

பிறந்ததிலிருந்து எந்த ஆம்பளைக்கும் நான் கை கொடுத்ததில்லை. அதுவும் இடது கை! ஐந்தாவது கை தட்டல் கேட்டது. பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடினேன். (பட்டுச்சேலை, சகதி, அறுபத்து நாலு வயது. எப்படி ஓடியிருப்பேன் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.)

பெரிய சார் தொப்பியைச் சரிசெய்துகொண்டு கிளம்பத் தயாராக நின்றார். அவர் முன்னால் போய் நின்றேன். கை எழும்ப மாட்டேன் என்றது. யாரோ ஒருத்தியின் கையைத் தூக்குவது போல என் இடது கையைத் தூக்கி நீட்டினேன். அது ஈரமாகவும் கறுப்பாகவும் இருந்தது.

அவர் ஒரு நிமிடம் யோசித்தார். யோசிக்க நியாயம் உண்டு. பிறகு கொடுத்தார்.

"யம்மா, என்ன கை இது!"

"தீப்பெட்டி ஆபீஸ் கை சார். மனசுல வச்சுக்காதீங்க."

"மனசுல இல்லம்மா, மணிக்கட்டுலதான் இருக்கு" என்றார். கூட்டம் சிரித்தது. எனக்கு மூச்சு வந்தது. யாழினி இடது கையை நீட்டினாள். நாலு நாள் கடலை மிட்டாய் சும்மா விடுமா? வலது கையும் கூடவே வந்துவிட்டது. அவர் ரெண்டையும் பிடித்துக் குலுக்கினார். சொட்டச் சொட்ட இருந்த ஸ்கார்ஃபை நானே அவள் கழுத்தில் போட்டேன். அந்தப் போட்டோவில் பிள்ளையின் சட்டை வயிறு வரைக்கும் நனைந்திருக்கிறது. பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாள்.

சாயங்காலம் வேன் வருகிற நேரம் நெருங்க நெருங்க வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருந்தேன். இனிமேல் பிள்ளை உங்களிடம் வர வேண்டாம் என்று செல்வி சொல்லிவிட்டால்? அவள் இறங்கி வந்தாள். படியில் உட்கார்ந்தாள். சிரிக்க ஆரம்பித்தாள்.

"யாரோ வீடியோ எடுத்து குரூப்புல போட்டுட்டாவ பெரியம்மா. எங்க கம்பெனியில எல்லா மிஷினும் நின்னுபோச்சு."

"கோவம் இல்லையா?"

"அடிச்சது தப்புதான். ஆனா 'எங்க வீட்டுப் பிள்ள'ன்னு சொன்னீங்கள்லா, அத மட்டும் மூணு தடவ போட்டுக் கேட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இனிமே எந்தப் பேப்பர் வந்தாலும் எங்கிட்ட குடுத்துருங்க."

அன்றைக்கு ராத்திரி நான் ரெண்டு தோசை கூடச் சாப்பிட்டேன்.

இப்போது யாழினிக்குப் பத்து வயது. அவள் எழுதுகிற கையைப் பற்றி நான் பேசுவதில்லை. சாப்பிடுகிற கை தனி வழக்கு, இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. முத்துராஜ் ஊரிலிருந்து வந்தால் தன் கூட்டாளிகளிடம், "மாவட்டத்தையே அடிச்ச ஆச்சி இவியதான்" என்றுதான் என்னை அறிமுகப்படுத்துவான். புதிய பிள்ளைகளைச் சேர்க்கிற அன்று மீனா டீச்சர் இப்போது தாளை மட்டும் கொடுப்பதில்லை. வாயாலும் சொல்கிறாள், ரெண்டு தடவை. வருடா வருடம் பெரிய சாரும் வருகிறார். ஜீப்பிலிருந்து இறங்கியதும் கூட்டத்தில் என்னைத் தேடுவார். கண்டுவிட்டால் போதும், ரெண்டு கையையும் சட்டென்று பின்னால் கட்டிக்கொண்டு மரம் மாதிரி நின்றுவிடுவார். நான் எழுந்து போய், ஊரே சிரிக்க, என் இடது கையை நீட்டி, "வாங்க சார், ஒண்ணும் செய்ய மாட்டேன்" என்று சொன்ன பிறகுதான் விழா ஆரம்பமாகும்.