கொம்பில்லாத நீல மென்பொருள்

அதியமான்கோட்டைக் காலபைரவர் மேல் ஆணையாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல் பொய்யில்லை. பொய்யென்றால் என் தோப்பில் இருக்கிற அத்தனை மாமரமும் பட்டுப்போகட்டும். எனக்குத் தோப்பே கிடையாது என்று ஊரில் சிலர் சொல்வார்கள். அது வேறு வழக்கு. இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பாலக்கோட்டில் தக்காளி மண்டிக்குப் பின்புறம் 'தக்காளித் தரச்சான்று மற்றும் வளாகப் பராமரிப்பு அலுவலகம்' என்று ஒன்று உண்டு. தேடிப் பார்த்தோம், இல்லையே என்பீர்கள். நீங்கள் அலுவலக நேரத்தில் தேடியிருப்பீர்கள். அந்த அலுவலகத்துக்குக் கடமை இரண்டு. தக்காளியை அமுக்கிப் பார்த்து, இது தக்காளிதான் என்று சான்று தருவது ஒன்று. வளாகத்துக்குள் புகுந்துவிடும் கேட்பாரற்ற மாடுகளைப் பிடித்துப் பட்டியில் கட்டுவது இன்னொன்று. இரண்டில் மாட்டு வேலைதான் உரிய காலத்தில் நடக்கும். நாளைக்கு வா என்றால் மாட்டுக்குப் புரியாது பாருங்கள்.

அந்த வருஷம் தக்காளி விலை தரையைத் தொட்டுவிட்டது. ஆளாளுக்கு ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போனார்கள். எங்கள் ஊர் விவசாயி பச்சியப்பன் மட்டும் மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு சாஸ் கம்பெனியில் பேசி வைத்திருந்தார். சரக்கு கொண்டு வாங்க, எடுத்துக்கறோம், ஆனால் தரச்சான்று அச்சடித்த தாளில் வேணும் என்று சொல்லியிருந்தார்கள். அவருடைய அந்த வருஷத்து வெள்ளாமை முழுக்க ஒரே டெம்போவில் ஏறி, அலுவலக வாசலில் வேப்பமரத்தடியில் நின்றது. எல்லாம் செங்காய். தட்டினால் டொக் டொக் என்று சத்தம் வரும். நானும் துணைக்குப் போனேன். அந்த அலுவலகத்தில் ஃபேன் நன்றாகச் சுற்றும்.

அலுவலர் மாதவராஜ் ஒரு தக்காளியை எடுத்து அமுக்கினார், முகர்ந்தார், பதிவேட்டில் 'முதல் தரம்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

"பரிசோதனை முடிஞ்சுதுங்க. அச்சு மட்டுந்தான் பாக்கி," என்றார்.

அங்கேதான் மாட்டிக்கொண்டது. சான்று அச்சடிக்கிற கம்ப்யூட்டர் என் பெரிய மகன் டவுசர் போட்ட காலத்தில் வாங்கியது. அதற்குள் ஒரு மென்பொருள் இருந்தது. அதை எழுதிக் கொடுத்த பெங்களூர்க் கம்பெனியை மூடி, அந்த இடத்தில் இப்போது பிரியாணி போடுகிறார்கள். அன்றைக்குப் பார்த்து அந்த மென்பொருள் அழிந்துபோயிருந்தது.

"கவலைப்படாதீங்க, அதோட பிரதி ஒரு பிளாப்பியில இருக்குது," என்று மாதவராஜ் ஃபைலைத் திறந்தார்.

பிளாப்பி என்கிற அந்தக் காலத்துச் சதுரத் தகடு இருந்தது. மற்ற தாள்களைப் போலவே அதற்கும் ஓரத்தில் ஓட்டை குத்தி, டேக் கயிற்றில் கோத்து, மேலே ரப்பர் ஸ்டாம்பும் வைத்திருந்தார்கள்.

"ஓட்டை கொஞ்சம் ஆழமாப் போயிருக்குதுங்களே," என்றேன்.

"தாளாட்டம் இல்லீங்க இது, கெட்டி. ரெண்டு பேர் ஏறி நின்னு குத்தினோம்," என்றார் பெருமையோடு.

மூலையில் புதுக் கம்ப்யூட்டர் ஒன்று பிளாஸ்டிக் உறை பிரியாமல், மஞ்சள் குங்குமத்தோடு இருந்தது. கேட்டால் பதில் சொல்லுமாம், செயற்கை அறிவாம். அதை மாண்புமிகு ஒருவர் வந்து ரிப்பன் வெட்டித் திறந்துவைக்க வேண்டும். தேதி கிடைக்கவில்லை. அதுவரை அறிவு உறைக்குள்ளேயே இருக்கும்படி உத்தரவு.

"கையால எழுதிக் குடுத்துடுங்க சார்," என்றார் பச்சியப்பன்.

"கையெழுத்துச் சான்றெல்லாம் ஒழிச்சாச்சுங்க. இப்ப எல்லாம் டிஜிட்டல்."

"பழம் தாங்காதுங்க சார்."

"பழத்துக்கு அவசரம்னு விதியில எங்கயுமே இல்லீங்களே."

பச்சியப்பனை இழுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அங்கே ஜமீர் பாயின் மகள் சமரீன் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறாள். ஆதார் அட்டை, பரீட்சை விண்ணப்பம், கல்யாணப் பத்திரிகை எல்லாம் அவளிடம் நடக்கும். விஷயத்தைக் கேட்டுவிட்டு, நாங்கள் நாற்காலியில் உட்காரும் முன்னே தேடி எடுத்துவிட்டாள்.

"தோ இருக்குது பாருங்கண்ணா. ஓனருங்க விட்டுட்டுப் போன பழைய மென்பொருளையெல்லாம் தேடித் தேடிச் சேத்து, நெட்டுல பத்திரமா வெச்சிருக்காங்க. யாரு வேணும்னாலும் சும்மா எடுத்துக்கலாம். பழைய கம்ப்யூட்டருக்குன்னே வெச்சிருக்கற களஞ்சியம் இது."

"பெரிய சாமானா பாப்பா? டெம்போல எடம் இல்ல," என்றார் பச்சியப்பன்.

"நீங்க தெனமும் காலைல வாட்ஸப்புல ரோஜாப்பூ அனுப்பறீங்கல்ல, அதவிடச் சின்னதுண்ணா."

எனக்கும் கொஞ்சம் சுருக்கென்றது. நானும் ரோஜாப்பூதான் அனுப்புகிறேன்.

ஜமீர் பாய் ஆடுகிற மேஜைக்கு முட்டுக்கொடுத்திருந்த பிளாப்பிகளில் ஒன்றை உருவி, தூசி தட்டி, அதில் ஏற்றிக்கொண்டு சமரீனும் எங்களோடு வந்தாள். இத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். மாதவராஜ் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இது யாருதும்மா?"

"யாருதும் இல்லீங்க சார். கம்பெனியே கைவிட்டுடுச்சு. கேக்கறதுக்கு ஆளில்ல."

மாதவராஜ் எழுந்து நின்றுவிட்டார். "அப்போ, கேட்பாரற்றது!"

அந்த அலுவலகத்தில் கேட்பாரற்ற எதற்கும் விதி ஒன்றுதான் உண்டு. அது மாட்டுக்கானது. உரிய படிவத்தைத் தூசி தட்டி எடுத்து, பேனாவைத் திறந்தார்.

"நிறம்?"

"மென்பொருளுக்கு நிறமெல்லாம்..." என்று இழுத்தாள் சமரீன். "தெறந்தா ஸ்கிரீன் நீலமா வரும் சார்."

"நீலம். கொம்பு?"

"சார்!"

"விடுபட்ட இனம் இருந்தா மேலிடத்துல திருப்பிடுவாங்கம்மா. கொம்பு?"

"இல்லீங்க."

"மொட்டை. சுபாவம் எப்படி? முட்டுமா?"

"முட்டாது. அப்பப்ப ஹேங் ஆகும். அப்படியே நின்னுரும்."

"அவ்வப்போது படுத்துக்கொள்ளும் குணமுடையது," என்று சொல்லிக்கொண்டே எழுதினார். "கன்று?"

சமரீனுக்கும் விளையாட்டு பிடித்துவிட்டது. "எத்தனை காப்பி வேணும்னாலும் போடலாங்க சார். தாய் அங்கயே நிக்கும்."

"கன்றுகள் எண்ணிலடங்கா," என்று எழுதும்போது மாதவராஜின் முகத்தில் ஒரு மரியாதை தெரிந்தது. அப்படி ஒரு மாட்டை அவர் பணிக்காலத்தில் பார்த்ததில்லை.

விதிப்படி மேற்படி பொருள் பட்டிக்கு அனுப்பப்பட்டது. பிளாப்பியைத் தும்புக் கயிற்றால் கல்தூணில் கட்டி, முன்னால் ஒரு கட்டு வைக்கோலும் ஒரு வாளித் தண்ணீரும் வைத்தார்கள். பக்கத்துத் தூணில் நின்ற செவலைப் பசு அன்றைக்கு இரட்டைப் பங்கு தின்றது. உரிமையாளர் யாராவது வருகிறாரா என்று ஊரறிய அறிவிப்புக் கொடுத்து, காத்திருந்து, வராவிட்டால்தான் பயன்படுத்தலாமாம்.

இதற்குள் நாலு நாள் ஓடி, வெளியே வேப்பமரத்தடியில் செங்காய் பழமாகியிருந்தது. டொக் டொக் சத்தம் போய், தொப் தொப் என்றது.

அறிவிப்புக்கு வெங்காய வியாபாரி நஞ்சப்பனின் ஆட்டோவை அமர்த்தினார்கள். மண்டியிலிருந்து மொரப்பூர் ரயிலடி வரைக்கும் அது கத்திக்கொண்டே போனது. "இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், நீல நிறமுள்ள, கொம்பில்லாத, அவ்வப்போது படுத்துக்கொள்ளும் மென்பொருள் ஒன்று, எண்ணற்ற கன்றுகளுடன் பிடிபட்டுள்ளது. உரிமையாளர்கள் நேரில் வரவும். பெரிய வெங்காயம் நாலு கிலோ நூறு ரூவா, பாத்து வாங்கு, பொறுக்கி வாங்கு."

மறுநாள் அலுவலக வாசலில் கால் வைக்க இடமில்லை.

கூட்டத்தில் ஒருவருக்கும் மென்பொருள் என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் எண்ணற்ற கன்றுகள் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. ஒருவர் அது தன் பாட்டனாருக்கு ஜமீனில் கொடுத்தது என்றார். இன்னொருவர் மச்சானுக்குச் சீதனமாக வந்தது என்று மச்சானையே கூட்டி வந்திருந்தார். இரண்டு கட்சிக்காரர்கள், அது எங்கள் ஆட்சியில் வந்த திட்டம் என்று துண்டைப் பிடித்து இழுத்துக்கொண்டார்கள். முனியம்மாள் மட்டும் நிஜமாகவே அழுதாள்.

"மொட்டைக் கெடேரிங்க சாமி, எங்கூட்டுதுதான். எங்க படுத்தாலும் எந்திரிக்காது."

"நீலமா இருக்குமா ஆயா?" என்றாள் சமரீன்.

"பொங்கலுக்குப் பெயிண்டு மிஞ்சிப்போச்சு கண்ணு."

மாதவராஜ் எல்லோருடைய மனுவையும் முறைப்படி வாங்கினார், முறைப்படி விசாரித்தார். வேப்பமரத்தடியில் டெம்போவிலிருந்து முதல் சொட்டு விழுந்தது. அதன்பின் நிற்கவில்லை. பச்சியப்பன் டெம்போவுக்கும் அலுவலகத்துக்குமாக நடந்து நடந்து, செருப்பெல்லாம் சிவப்பாகிவிட்டது.

"சார், இது ஊத்துதுங்க. உங்களக் கும்பிட்டுக் கேக்கறேன்."

"உரிமை தீர்மானமாகாம நான் ஒண்ணும் பண்ண முடியாதுங்க. உரிமையாளர் யாருன்னு தெரிஞ்சுட்டா, மாட்டை மேய விட்ட குத்தத்துக்கு அபராதமும், தீவனச் செலவும் வாங்கிட்டு உடனே அவிழ்த்து விட்டுருவேன்."

இதை அவர் கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டார். அபராதம் என்ற சொல் வாசலைத் தாண்டிப் போனது. அந்தச் சொல் போன வேகத்தில் கூட்டமும் போனது. பாட்டனாருக்கு ஜமீனே இருந்ததில்லை என்று ஆனது. மச்சான், நான் வழிப்போக்கன் என்றார். கட்சிக்காரர்கள் இருவரும் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரே குரலில் பேசினார்கள்: "அது அவங்க ஆட்சியில வந்ததுங்க!" முனியம்மாள், எங்கள் மாடு வெள்ளை என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு நடந்தாள்.

வெறிச்சோடிய வாசலில் பச்சியப்பன் ஒருவர்தான் நின்றார். ஒருமுறை டெம்போவைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னுதுதானுங்க சார்," என்றார்.

"எதுங்க?"

"அந்த நீல மாடு. கயிறு அத்துக்கிட்டு நெட்டுக்குப் போயிருச்சு. என் தப்புதான்."

மாதவராஜ் அபராதத்தை வாங்கிக்கொண்டு ரசீது போட்டார். பிளாப்பியின் கயிறு அவிழ்க்கப்பட்டது. சமரீன் அதைக் கம்ப்யூட்டரில் சொருகினாள். கிறீச் கிறீச் என்று முனகி, கடைசியில் திரை நீலமாக விரிந்தது. சத்தியமாக அழகாகத்தான் இருந்தது. நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

மாதவராஜ் ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பதிவேட்டைப் பார்த்துத் தட்டினார். முதல் நாள் எழுதியது அப்படியே அச்சாகி வந்தது: நிறம் சிறப்பு. கெட்டித்தன்மை மிகச் சிறப்பு. முதல் தரம்.

"சார், இப்ப பழம் அப்படி இல்லீங்களே," என்றாள் சமரீன்.

"பரிசோதனை அன்னைக்கே முடிஞ்சுதும்மா. முடிஞ்சதை நடுவுல மாத்தறது பழத்துக்கு வேணா சரியா இருக்கலாம், அலுவலகத்துக்கு முறையில்ல."

டெம்போ புறப்பட்டுப் போன வழியெல்லாம் ஈ மொய்த்தது. அந்த வேப்பமரம் இன்றைக்கும் லேசாகப் புளிக்கிறது. சந்தேகமிருந்தால் ஓர் இலையைப் பிடுங்கி மென்று பாருங்கள்.

திட்டி அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்துத்தான் நாங்கள் போனோம். சாஸ் கம்பெனி மேனேஜர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சான்றிதழைப் படித்தார். டெம்போவை எட்டிப் பார்த்தார். மறுபடி சான்றிதழைப் படித்தார்.

"வாசனை கொஞ்சம்..." என்றார் வாட்ச்மேன்.

"தாள்ல வாசனைன்னு ஒரு கட்டமே இல்லையேப்பா. முதல் தரம்னுதான் போட்டிருக்கு. எறக்கு, எறக்கு. அரைக்கிற செலவு மிச்சம்."

முழு விலையும் கொடுத்தார்கள். நம்பினால் நம்புங்கள்.

போன வாரம் பஸ்ஸுக்கு நிற்கும்போது பேக்கரியில் பப்ஸ் சாப்பிட்டீர்களே, கூட ஒரு சின்ன பாக்கெட் கொடுத்தார்களே, அதைப் பல்லால் கடித்துக் கிழித்து, கடைசிச் சொட்டு வரை பிதுக்கினீர்களே, அதேதான். முகத்தைச் சுளிக்காதீர்கள். நன்றாகத்தானே இருந்தது? நானும் இரண்டாவது பாக்கெட் கேட்டு வாங்கினேன்.

அடுத்த வெள்ளாமையில் பச்சியப்பன் ஒரு மரியாதைக்காகப் பறித்த அன்றைக்கே புதுப்பழம் கொண்டுபோனார். மென்பொருள்தான் இருக்கிறதே, சான்று உடனே கிடைத்துவிட்டது. கம்பெனி சரக்கைத் திருப்பி அனுப்பிவிட்டது. போன தடவை மாதிரிப் பதம் இல்லையாம், ஜனங்களுக்கு அந்தப் பழைய ருசிதான் பிடித்திருக்கிறதாம்.

இப்போது மண்டிக்குப் பின்புறம் போய்ப் பாருங்கள். வேப்பமரத்தடியில் டெம்போக்கள் வரிசையாக நிற்கின்றன. சான்று சீக்கிரம் கொடுங்கள் என்று கும்பிட்டுக்கொண்டிருந்த நாங்கள் எல்லோரும், கொஞ்சம் லேட்டாக்கிக் கொடுங்க சார் என்று வரிசையில் நின்று கும்பிடுகிறோம். மாதவராஜ் தலையைச் சொறிகிறார்.

"தாமதமெல்லாம் இப்ப முன்ன மாதிரி ஈஸியாக் கிடைக்காதுங்க," என்கிறார். "அதுக்குத் தனியாக் கவனிக்கணும்."

கவனிக்கிறோம்.

இதை எங்கே வேண்டுமானாலும் சொல்லுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. யார் சொன்னது என்று கேட்டால் மட்டும் பஸ்ஸில் பின் சீட்டில் யாரோ பேசிக்கொண்டு வந்தார்கள் என்று சொல்லிவிடுங்கள். அலுவலகத்தில் என் தக்காளி மனு இன்னும் மேஜை மேல்தான் கிடக்கிறது. என் பேர் அடிபட்டால் மாதவராஜ் கோபத்தில் உடனே சான்று கொடுத்துவிடுவார்.