சட்டை செய்த மகள்

இந்த லீவில் ஒரு காரியத்தில் மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை என்று தம்மாமில் விமானம் ஏறும்போதே முடிவு செய்திருந்தேன். நான் வாங்கிய கவுனில் என் மகளைப் பாதம் வரைக்கும் முழுசாகப் பார்த்துவிட வேண்டும்.

இதற்கெல்லாமா ஒரு முடிவு என்று நீங்கள் நினைக்கலாம். வளைகுடாவில் வேலை பார்க்கிறவனுக்கு மகள் என்பவள் நெற்றியிலிருந்து கழுத்துக்குக் கொஞ்சம் கீழே வரைக்கும்தான். மிச்சமெல்லாம் போனுக்கு வெளியே. வெள்ளிக்கிழமை தொழுதுவிட்டு வந்து வீடியோ கால் போட்டால், நான் அனுப்பிய கவுனோடு ஃபாயிஸா உட்கார்ந்திருப்பாள். கழுத்தைச் சுற்றி வலை, வலைமேல் முத்து, முத்துக்கு நடுவே ரோஜாப்பூ. எழுந்து நில்லு மக்கா, கீழே எப்படி விரியுதுன்னு பார்ப்போம் என்பேன். உடனே சிக்னல் போய்விடும். அச்சன்புதூரில் டவர் சரியில்லை என்பாள் என் மனைவி சுல்தான் பீவி. நானும் அந்த டவரை மனசாரத் திட்டுவேன்.

திருவனந்தபுரத்தில் இறங்கி, செங்கோட்டை வழியாகக் காரில் ஊர் வந்து சேர்ந்தேன். சாரல் பொடியாக விழுந்துகொண்டிருந்தது. வீட்டு வாசலில் ஒரு கறுப்பு டீ-ஷர்ட் நின்றது. உற்றுப் பார்த்தால், அதற்குள் என் மகள் இருந்தாள். தோள்பட்டைத் தையல் முழங்கையில் கிடந்தது. கீழ்மடிப்பு முட்டியைத் தொட்டது. கிட்டே வந்தபோதுதான் கவனித்தேன், என் தோளுக்கு வளர்ந்திருந்தாள். அது எந்த வீடியோ காலிலும் தெரியவில்லை.

யாருடைய சட்டை இது என்று மனைவியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அவ சட்டதான். ஏழாங்கிளாஸ் பிள்ளைய எல்லாம் இப்படித்தான் போடுதாளுவ. கவுனு கிவுனு போட்டா சின்னப்பாப்பான்னு சொல்லி ஒதுக்கிருதாளுவ."

"பாக்க லூசு மாரில்லா இருக்கு."

"லூசுதான். ஒடம்பு மூடித்தான இருக்கு, ஒங்களுக்கு என்ன?"

நான் சொல்ல வேண்டிய நியாயத்தை அவள் முந்திக்கொண்டு சொல்லிவிட்டால், நான் எதைச் சொல்வது?

பெட்டியைத் திறந்து இந்த முறை வாங்கிய கவுனை எடுத்தேன். பீச் நிறம், அடுக்கடுக்காக ஃப்ரில். ஃபாயிஸா வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கவுன் கழுத்தில் சிக்கி நின்றது. தலையைச் சுற்றி ஃப்ரில் காலிஃபிளவர் மாதிரி விரிந்திருந்தது.

"துணி சுருங்கிட்டு போல வாப்பா" என்றாள். என் மனசு கோணக் கூடாதென்று பழியைத் துணிமேல் போட்டாள் பிள்ளை.

அப்படியென்றால் பழைய கவுன்களை எப்படிப் போட்டாள் என்று கேட்டேன். சுல்தான் பீவி அலமாரியைத் திறந்து காட்டினாள். எல்லாக் கவுனும் இருந்தன. ஒவ்வொன்றும் நெஞ்சு வரைக்கும்தான் இருந்தது. முன்பக்கத்தை மட்டும் வெட்டியெடுத்து, பின்னால் முடிச்சுப் போட நாடா வைத்துத் தைத்திருந்தாள்.

"நீங்க பாக்கது அம்புட்டுத்தான. கவுனப் பாத்தா ஒங்க மொகம் தெளிஞ்சிரும். வாரத்துக்கு ஒருவாட்டி அந்த மொகத்த நாங்களும் பாக்கணும்லா."

கோபப்படத்தான் வாயைத் திறந்தேன். ஒரு நாடாவை முடிச்சுப் போட்டுப் பார்த்துவிட்டு அலமாரியைச் சாத்தினேன்.

இருந்தாலும் ஆண்பிள்ளைக்கு ரோஷம் வேண்டாமா? சனிக்கிழமை ஃபாயிஸாவின் வகுப்புப் பிள்ளைகள் குற்றாலம் போவதாக ஏற்பாடு. அவள் தோழி முத்துச்செல்வியின் அப்பா, போலீஸ்காரர் பாண்டிராஜ், வேனில் கூட்டிப்போகிறார். எல்லாரும் லூசுச் சட்டைதான் போடவேண்டும் என்று பிள்ளைகளுக்குள் பேச்சு. நான் தென்காசி போய், அவள் அளவுக்குக் கண்ணாடிச் சில்லு பதித்த சுடிதார் ஒன்று எடுத்து வந்தேன். தாயும் மகளும் பக்கத்து வீட்டுக்குப் போன நேரம் பார்த்து அவளுடைய டீ-ஷர்ட்டுகளை ஒன்று விடாமல் அள்ளினேன். என் பெட்டியில் போட்டுப் பூட்டி, சாவியை இடுப்பு பெல்ட்டில் வைத்துக்கொண்டேன். பெட்டியில் இடம் வேண்டுமே என்று என் புதுச் சட்டைகளை எடுத்து அலமாரியில் அடுக்கியது மட்டும்தான் நான் செய்த தப்பு. அது தப்பு என்று அப்போது தெரியவில்லை.

சனிக்கிழமை காலையில் ஃபாயிஸா அலமாரியைத் துழாவினாள். கட்டிலில் விரித்து வைத்திருந்த சுடிதாரைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. ஆனால் ஏன் வாப்பா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சாவியைக் கொடுத்திருப்பேன். வருஷம் பூராவும் போனில் மட்டும் பார்க்கிற ஆளிடம் பிள்ளை எப்படிச் சண்டை போடும்?

சுல்தான் பீவி மகளை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

வெளியே வந்தது என் நீலக் கட்டம் போட்ட சட்டை. நான் இன்னும் ஒருதடவைகூடப் போடாதது. கையை அழகாக மடித்துவிட்டு, தலைக்கு ஒரு ஷாலும் போட்டு அனுப்பியிருந்தாள் தாய். அதற்குள் வேன் வந்து ஹாரன் அடித்தது. முத்துச்செல்வி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

"ஏட்டி, சூப்பரா இருக்கு. எங்கன எடுத்த?"

"எங்க வாப்பா தம்மாம்ல இருந்து கொண்டாந்தது."

அதை என்னைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள். வேன் தெருமுனையில் திரும்பி மறையும்வரை நான் பனியனோடு வாசலில் நின்றேன். என் பேச்சை அந்த வீட்டில் யாரும் சட்டை செய்ததில்லை. சட்டையையாவது செய்தார்களே. உள்ளே போய், யாரும் சொல்லாமலே பூட்டைத் திறந்து டீ-ஷர்ட்டுகளை அலமாரியில் வைத்தேன். சுல்தான் பீவி அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் என் புதுச் சட்டைகள் எதுவும் என்னிடம் திரும்பி வரவில்லை. ஒருநாள் நாங்கள் மூன்று பேரும் பழைய குற்றாலம் போனோம். பெண்கள் பக்கம் குளித்துவிட்டு ஃபாயிஸா வந்தாள். என் சட்டை சொட்டச் சொட்ட, பாதம் வரைக்கும் முழுசாக நின்று, குளிருது வாப்பா என்றாள். என் துண்டைக் கொடுத்தேன். சுற்றி இத்தனை பேர் இல்லாவிட்டால் நானே துவட்டிவிட்டிருப்பேன்.

லீவு முடிந்தது. விமான நிலையத்தில் மகள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை வருஷத்தில் தனக்கென்று எதையும் கேட்காத, எனக்கென்றும் எதையும் சொல்லாத சுல்தான் பீவி கிட்டே வந்தாள்.

"எப்பவும் எங்களுக்கேதான் எடுக்கிய. அடுத்தாப்புல ஒங்களுக்குன்னு நல்ல சட்டையா எடுங்க. ஒரு சைஸ் பெருசாவே எடுங்க, காத்தோட்டமா இருக்கும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் அங்கே வெயிலில் வேர்த்துக் கிடப்பதை இவளாவது நினைக்கிறாளே. கட்டாயம் எடுக்கிறேன் என்று சத்தியம் செய்துவிட்டு உள்ளே போனேன்.

விமானம் மேலேறி, காதடைத்து, கீழே கடல் மட்டும் தெரிய ஆரம்பித்த பிறகுதான், அவள் சொன்னது என் அளவில்லை என்று எனக்கு உறைத்தது.