ஓம் என்கிற பிடி

இனிமேல் மனைவியை எதிர்ப்பதில்லை என்று றெமிஜியஸ் முடிவெடுத்துவிட்டான். அன்பினால் அல்ல. வெல்வதற்காக.

மூன்று ஞாயிறாக அவன் ஐக்கிடோ தற்காப்புக் கலை வகுப்புக்குப் போகிறான். அடிக்க வருபவனைத் தடுக்காதே, என்றார் பயிற்சியாளர். அவன் போகிற பக்கமே நீயும் திரும்பு, கூடவே நட. அவனுடைய வேகமே அவனைக் கொண்டுபோய்விடும். ஆனால் அவனுக்கும் நோகக்கூடாது. ஆளைத் தோற்கடிப்பதல்ல, சண்டையையே இல்லாமல் செய்வதுதான் வெற்றி. எல்லாரும் தலையாட்டினார்கள். றெமிஜியஸுக்கு மட்டும் மனைவி நிருபாவின் முகம் தெரிந்தது.

நிருபாவுக்கு நகருக்குள் நெருக்கடியான லா ஷப்பலை விட்டுப் போக வேண்டும். ஐந்தாம் மாடி, லிஃப்ட் இல்லை. கீழ்வாசல் இருட்டில் நிற்கும் முகம் தெரியாத ஆட்களைத் தாண்டிக் கைக்குழந்தையோடு ஏற அவளுக்குப் பயம். விமான நிலையத்தில் வேலை செய்யும் தமையன் ஸ்ரீபன், நகருக்கு வெளியே விமான நிலையத்தை அண்டிய கூசேன்வில்லில் ஒரு வீடு பார்த்து வைத்திருந்தார். றெமிஜியஸுக்கோ படி இறங்கினால் வேலை செய்யும் ரெஸ்ரோறண்ட், எதிரே தேத்தண்ணிக் கடை, கடை நிறையக் கூட்டாளிகள். சொர்க்கத்துக்குக் கூப்பிட்டாலும் மெற்றோ மாறவேண்டுமென்றால் போகமாட்டான். இரண்டு வருடமாக ஏலாது என்றான். இரண்டு வருடமாகக் கண்ணீர். சுவர் இருந்தால்தானே மோதுவாள்? சுவரையே எடுத்துவிட்டால் தடுமாறி, தானே வேண்டாம் என்பாள்.

திங்கட்கிழமை ரெஸ்ரோறண்ட் பூட்டு. நிருபா வெங்காயம் வெட்டிக்கொண்டே கேட்டாள்.

"அண்ணை பாத்த வீட்டுக்குப் போவமே?"

"ஓம், போவம்."

கத்தி நின்றது. றெமிஜியஸ் மனதுக்குள் குனிந்து வணக்கம் செய்தான்.

"உங்களுக்கு வேலைக்குத் தூரமெல்லே?"

"ரெயினிலை நித்திரை கொள்ளலாம்."

"அது பாதி நாள் ஓடாதாம்."

"நடந்து வாறன். உடம்புக்கு நல்லது."

"பிளேன் சத்தம் வேறை."

"பிள்ளைக்கு விளையாட்டுக் காட்டலாம்."

"உங்கடை கூட்டாளிமார்?"

"அவங்களோடை கதைச்சு என்னத்தைக் கண்டன்?"

அவளே அவளுக்கு எதிராகக் காரணம் அடுக்குகிறாள். விழப்போகிறாள். றெமிஜியஸுக்கு இரக்கமே வந்துவிட்டது.

"அப்ப உங்களுக்கு ஒரு மறுப்பும் இல்லை?"

"எனக்கென்ன மறுப்பு? உம்மடை விருப்பம்தான் என்ரை விருப்பம்."

நிருபா கையைத் துடைத்துவிட்டு, உப்புப் போத்தலுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்த போனை எடுத்தாள்.

"அண்ணை, கேட்டதே?"

"எல்லாம் வடிவாக் கேட்டது," என்றது ஸ்ரீபனின் குரல். "வீட்டுக்கார ஐயாவும் பக்கத்திலை இருந்து கேட்டவர். நடந்து வேலைக்குப் போவனெண்டு நீங்கள் சொல்ல, மனுசன் கண் கலங்கிப்போச்சு. கை குடுத்திட்டன், மச்சான். சனிக்கிழமை சாமான் ஏத்த வானோடை வாறன்."

மனைவியின் தமையன் காதில் விழுந்த வாக்கு. அதிலிருந்து கழன்றுகொள்ள எந்தக் கலையிலும் பிடி கிடையாது.

"அப்ப என்ரை ஞாயிறு வகுப்பு..." என்று இழுத்தான் றெமிஜியஸ்.

"அது இனி வேண்டாமப்பா," என்றாள் நிருபா, மிச்ச வெங்காயத்தைப் பக்கத்தில் இழுத்து. "எனக்குத் தேவையானதை நீங்கள் படிச்சு முடிச்சிட்டீங்கள்."